பிலோமினாவின் முறை

சனிக்கிழமை காலையில் நான் சப்பாத்தும் போட்டு, கழுத்துக்கு மப்ளரும் சுற்றிக்கொண்டு, லின்ஃபீல்ட் வீட்டின் முன் ஜன்னலடியில் இருந்தேன். பிலோமினாவின் கார் வருகிற நேரம் அது. கார் வரவில்லை, தொலைபேசிதான் அடித்தது. மகன் எடுத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் வந்து, "அப்பா, சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றான்.

முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த பிலோமினா, அப்படியே கதிரையில் சாய்ந்தாராம். மகள் ஜூடித் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது கை நீளவில்லையாம். இருதயம் என்று டாக்டர் சொன்னாராம். ஐம்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. எழுபதைத் தாண்டிய நான் ஜன்னலடியில் அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருடைய தாயையோ தகப்பனையோ பிலோமினா தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு மலையையோ கடலையோ காட்டியிருப்பார். அவரை நல்லவர் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது அது மட்டுமல்ல.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் கூப்பிட்டு இந்த ஓக்லண்டுக்கு வந்து சேர்ந்த கிழடுகள் நாங்கள். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீடு பூட்டியபடி. பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்தால் இங்கிலீசில் ஒரு சொல், பிறகு ரீவி. ரோட்டில் இறங்கினால் எல்லா வீடும் ஒன்று போல இருக்கும், திரும்பி வர வழி தெரியாது. வந்து முதல் குளிர்காலம் முழுக்க நான் கண்ட நியூசிலாந்து, எங்கள் வீட்டுப் பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கம்பிதான்.

பிலோமினா மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பெண், கத்தோலிக்கர். கலவரத்துக்கு முன்னமே வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் கழுவித் துடைக்கிற வேலை செய்தவர். வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு மருமகளிடம் ஏதோ வாங்க வந்தவர், மூலையில் இருந்த என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இந்த ஊரில என்னத்தைப் பார்த்தனீங்கள்?" என்று கேட்டார். நான் உடுப்புக் கம்பியைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்றார்.

காரில் நாங்கள் மூன்று பேர் நிரந்தரம். நான், செல்லம்மாக்கா, சுந்தரம் ஐயா. செல்லம்மாக்கா யாழ்ப்பாணத்து மனுசி, வாய் நீளம். சுந்தரம் ஐயா தஞ்சாவூர்ப் பக்கம், மகன் இன்ஜினியர். அவர் பேசுவது எங்களுக்கு சினிமா போல இருக்கும், நாங்கள் கதைப்பது அவருக்குப் பாதி விளங்காது. பிலோமினா முதல் நாளே ஒரு ஒழுங்கு போட்டார். ஒவ்வொரு தரமும் ஒருவருடைய முறை. முறைக்காரர் எங்கே என்கிறாரோ அங்கே கார் போகும். மற்றவர்கள் மறுக்கக் கூடாது.

"எங்களுக்கு இடத்தின்ர பேர் ஒண்டும் தெரியாதே, பிள்ளை" என்றார் செல்லம்மாக்கா.

"பேர் எதுக்கு அக்கா? என்ன மாதிரி இடம் எண்டு சொல்லுங்கோ. கண்டுபிடிக்கிறது என்ர வேலை."

அப்படித்தான் நடந்தது. "சத்தமில்லாத தண்ணி வேணும்" என்று செல்லம்மாக்கா சொல்ல, காட்டுக்குள் ஒரு குளத்தடிக்குக் கூட்டிப் போனார். "ரொம்பப் பெரிய மரம் இருக்கிற எடம்மா" என்று சுந்தரம் ஐயா சொல்ல, வைட்டாகரே மலைக்காட்டில் கௌரி என்று இந்த நாட்டார் சொல்கிற ஒரு மரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் மூன்று பேரும் கை கோத்தாலும் பாதியைக்கூடச் சுற்ற முடியாத மரம். சுந்தரம் ஐயா அண்ணாந்து பார்த்து, தொப்பி பின்னால் விழுந்ததும் தெரியாமல் நின்றார். "எங்க பெரிய கோயில் கட்டுறப்பவே இது நின்னிருக்குமோ?" என்றார். "அதுக்கு முதலும் நிண்டிருக்கும் ஐயா. அதின்ர வேரில மட்டும் மிதிச்சுப் போடாதேங்கோ" என்றார் பிலோமினா. எங்கே போனாலும் அவருக்கு அந்த இடத்தின் மரியாதைதான் முதல்.

அதை நான் நன்றாகப் பட்டறிந்தது மவுண்ட் ஈடனில். "உயரமான இடம்" என்று நான் என் முறைக்குச் சொல்லியிருந்தேன். உச்சி வரைக்கும் கார் போயிற்று. இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் முழு ஊரும், இரண்டு பக்கத்துக் கடலும். மற்றப் பக்கம் பெரிய சட்டியைக் கவிழ்க்காமல் வைத்தது போல பச்சைப் புல் மூடிய ஒரு குழி. எரிமலை வெடித்த வாயாம். குன்றைக் கண்டால் எனக்கு முருகன்தான். வீட்டிலிருந்து பையில் ஒரு தேங்காய் கொண்டுவந்திருந்தேன். கற்பூரம் கொளுத்தக் காற்று விடவில்லை. தேங்காயையாவது உடைப்போம் என்று விளிம்பில் கிடந்த கல்லில் ஓங்கி அடித்தேன். ஒரு பாதி என் காலடியில் விழுந்தது. மற்றப் பாதி உருண்டு உருண்டு அந்தக் குழியின் அடிக்கே போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அண்ணை! என்ன வேலை செய்தனீங்கள்? அது இந்த ஊர்ச் சனத்தின்ர நெருப்புச் சாமிக்குரிய கிண்ணம். அதுக்குள்ள ஆரும் ஒண்டும் போடக்கூடாது."

"சாமிக்குத்தானே பிள்ளை உடைச்சனான்."

"உங்கட சாமிக்கு உடைச்சதை அவையின்ர சாமியின்ர கோப்பையில போடுறதோ? உங்கட கோயில் மூலஸ்தானத்துக்குள்ள நான் மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்தினால் விடுவியளோ?"

செல்லம்மாக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வேதக்காரி கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லன், சின்னத்தம்பி!"

பிலோமினா சப்பாத்துக் காலோடு அந்தச் சரிவில் பக்கவாட்டாக இறங்கினார். அடியில் போய்த் தேங்காய்ப் பாதியை எடுத்து, தலையைக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. இப்போது நினைத்தால், அந்த மூச்சு அன்றைக்கே ஏதோ சொல்லியிருக்கிறது. அன்று நான் அதைக் கேட்கவில்லை. தேங்காயை என் கையில் தந்து, "சம்பலுக்கு வச்சிருங்கோ. இனி மலைக்கு வெறுங்கையோட வாங்கோ" என்றார்.

முரிவாய்க் கடற்கரைக்குப் போன நாளில்தான் அவருடைய கதை எங்களுக்குத் தெரிய வந்தது. மணல் கறுப்பு. மேலே பாறை முழுக்க வெள்ளைக் கடற்பறவைகள், சந்தையில் கடை போட்டது போல இடம் விடாமல் கூடு கட்டி, ஒரே இரைச்சல். அந்தக் குஞ்சுகள் இறகு முளைத்ததும் நேரே ஒஸ்ரேலியாவுக்குப் பறந்துவிடும், சில வருசம் கழித்து இதே பாறைக்குத் திரும்பி வரும் என்று பிலோமினா சொன்னார்.

"எங்கட பிள்ளையளைப் போல" என்றார் செல்லம்மாக்கா. "திரும்பி வாறது மட்டும்தான் வித்தியாசம்."

நாங்கள் சிரித்தோம். பிலோமினா கடலைப் பார்த்தபடி, "என்ர மனுசனும் கடலாலதான் வெளிக்கிட்டவர்" என்றார்.

அதுவரைக்கும் அவருடைய கணவர் ஊரில் இருக்கிறார், விசாவுக்குக் காத்திருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அருளப்பு அவர் பேர். மன்னாரில் சண்டை வந்தபோது வயதான தாயை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பிறகு இங்கே வருவதாகச் சொல்லி வள்ளம் ஏறினாராம். வள்ளம் அங்கேயும் போய்ச் சேரவில்லை, மன்னாருக்கும் திரும்பவில்லை. பிரேதம் இல்லை. கண்டவர் இல்லை. பிலோமினா கறுப்பு உடுத்தவில்லை, சேர்ச்சில் செத்தவருக்கான பூசையும் கொடுக்கவில்லை. "பூசை குடுத்தால் நானே அவரைச் சாகக் குடுத்த மாதிரி, அண்ணை" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எங்களுக்கு இடியப்பம் பரிமாறினார்.

இப்படியே எங்கள் முறைகள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு நாள் திரும்பி வருகிற வழியில் டெயறி என்று இங்கே சொல்கிற ஒரு சில்லறைக் கடையடியில் காரை நிறுத்தி, எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். காருக்குள் இருந்து நக்கிக்கொண்டிருந்தபோது செல்லம்மாக்காதான் கேட்டார்:

"ஏன் பிள்ளை, உன்ர முறை எப்ப? நீ ஒருக்காலும் ஓரிடமும் சொன்னதில்லையே."

யாராவது கேட்க வேண்டும் என்று கனநாள் காத்திருந்தவர் போலப் பிலோமினா உடனே சொன்னார்.

"அப்ப அடுத்தது என்ர முறை எண்டு வைப்பமே? கேப் ரெயிங்காவுக்குப் போகவேணும். வடக்கு முனை. தூரம்தான். வழியில கைற்றாயாவில என்னோட வேலை செய்த மாவோரி மனுசியின்ர வீடு இருக்கு, தங்கலாம். அவதான் எனக்குச் சொன்னவ. இந்த நாட்டின்ர பூர்வீகச் சனம் செத்தால் உயிர் எல்லாம் நடந்து நடந்து அந்த முனைக்குத்தான் போகுமாம். அங்கை ஒரு மரத்தின்ர வேரைப் பிடிச்சுக் கடலுக்குள்ள இறங்குமாம். பிறகு தூரத்துத் தீவில ஏறி நிண்டு, ஒருக்கால் திரும்பிப் பார்க்குமாம். பார்த்துப்போட்டுப் போயிடுமாம்."

பிலோமினா ஸ்ரியறிங்கில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"என்ர மனுசனுக்குப் போயிட்டு வாங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கடல்ல போனவரைக் கடலடியில நிண்டு ஒருக்கால் வழியனுப்பிப்போட்டு வந்தால், பூசையும் குடுத்திடுவன். தனியப் போக ஏலாது அண்ணை. தனியப் போனால் சொல்ல வாய் வராது. நீங்கள் எல்லாரும் நிண்டால் சொல்லிடுவன்."

அந்த நாட்களில் என் மனைவி யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பயணத்துக்கு ஏலாத உடம்பு என்று மூத்த மகளோடு விட்டுவிட்டு நான் மட்டும் வந்தவன். தொலைபேசி அடித்தாலே அவளுடைய செய்தியோ என்று எழும்பி நிற்கிற காலம். பிலோமினா சொல்லச் சொல்ல, அந்த முனையில் உயிர்கள் வரிசையில் நிற்பதும், அதில் என் மனைவி நிற்பதும் கண்ணுக்குள் வந்தது.

"பிள்ளை, உயிர் போற வாசலுக்கு உயிரோட இருக்கிறவை போறதில்லை. என்ர மனுசி அங்கை கட்டில்ல கிடக்கிறாள். நான் போய் அந்த வாசல்ல நிண்டால் அது அவளைக் கூப்பிட்ட மாதிரி. நான் வரமாட்டன். இவையும் வரக்கூடாது. ஒரே காரில திரியிற ஆக்கள், தோசம் எல்லாருக்கும்தான்."

"ஆமாம்மா, அவர் சொல்றதும் சரிதான்" என்றார் சுந்தரம் ஐயா. "வீட்ல நல்லது கெட்டது இருக்கு. சுடுகாட்டுக்குச் சும்மா போவாங்களா?" முறை எப்ப என்று கேட்ட செல்லம்மாக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் உருகிக் கையில் வடிந்தது.

பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவருடைய நெற்றி மட்டும் எனக்குத் தெரிந்தது.

"சரி அண்ணை. அது தூரமும்தான்" என்றார். பிறகு காரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அப்ப சுந்தரம் ஐயாவின்ர முறை. எங்க போவம் ஐயா?" என்று கேட்டார்.

ஒருவர் முறையை மற்றவர் மறுக்கக் கூடாது என்ற ஒழுங்கை அத்தனை காலத்தில் உடைத்தவன் நான் ஒருவன்தான். மவுண்ட் ஈடனுக்கே அடுத்தடுத்து என் முறையைக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் ஓட்டியவர் அவர்.

நான் அந்த முனைக்குப் போகவில்லை. இருந்தும் என் மனைவி போய்விட்டாள். செய்தி வந்த அன்று மகன், "அப்பா, பாத்ரூமில முழுகலாம்தானே, குளிருது" என்றான். பைப்புத் தண்ணியில் எப்படித் தலை முழுகுவது? யார் சொன்னார்களோ தெரியாது, பிலோமினா வேலை உடுப்போடு வந்தார். ஒரு துவாயும் மாற்றுடுப்பும் எடுத்துக்கொண்டு, என்னையும் மகனையும் ப்ளொக்ஹவுஸ் பே கடற்கரைக்குக் கூட்டிப் போனார். வற்று நேரம், கடல் பின்வாங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, தண்ணி ஏறும். சேத்தில முழுக விடமாட்டன்" என்றார். காருக்குள் இருந்தோம். தண்ணீர் ஏறியதும் கதவைத் திறந்துவிட்டு, "நான் வேதக்காரி, கிட்ட வரலாமோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நான் முழுகி எழும்பும்வரை, முழங்கால் மட்டும் தண்ணீரில், துவாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். எனக்கு என் மனைவியை அனுப்பக் கடல் கிடைத்தது. கூட நிற்க ஆள் கிடைத்தது. அந்தத் தண்ணீருக்குள் நிற்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது, நான் அவருக்கு எதை இல்லை என்று சொன்னேன் என்று.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துக்க வீட்டுக்காரன், வருச முடிவில் வருகிற ஆட்டைத் திவசம் முடியும்வரை மலைக்கும் தலத்துக்கும் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது முடியட்டும், நானே வாய் திறந்து, "பிள்ளை, உன்ர முறைக்குப் போவம்" என்று சொல்வேன் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லி வைத்திருந்தாலாவது அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவர் கார் வந்தது. நான் ஏறி இருந்தேன். "கடற்கரை மட்டும் போவம், மலை வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவரும் ஓம் என்று கடற்கரைகளாகவே காட்டினார். இரண்டாம் தரம் அவர் கேட்கவே இல்லை. கேட்காததால் மறந்துவிட்டார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சேர்ச்சில் அடக்கப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது ஜூடித் என்னிடம் வந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், வாய்க்கு வராது. கொஞ்சம் இங்கிலீசு, கொஞ்சம் தமிழாக, "மம்மி எல்லா சனிக்கிழமையும் சொல்லுவா, இந்த முறை சின்னத்தம்பி அங்கிள் ஓம் எண்டுவார் எண்டு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி ஞாபகம் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அங்கே கிடந்த மர வாங்கில் குந்திவிட்டேன்.

என் மனைவியின் திவசத்துக்கு இன்னும் காலம் கிடந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. செல்லம்மாக்காவுக்குக் கால் வீக்கம், சுந்தரம் ஐயாவை மகன் விடவில்லை. ஜூடித் ஓட்ட, அந்தப் பச்சைக் காரில் வடக்கு முனைக்கு நான் மட்டும் போனேன். கைற்றாயாவில் அந்த மாவோரி அம்மா வாசலிலேயே ஜூடித்தைக் கட்டிப் பிடித்து, மூக்கோடு மூக்கு வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு என்னையும் அப்படியே பிடித்தார். நான் யார் என்று தெரிந்திருந்தால் பிடித்திருப்பாரோ தெரியாது.

கடைசித் தெருவெல்லாம் கிரவல் கல். முனைக்கு வந்து இறங்கினோம். எதைக் கண்டு நான் பயந்தேனோ, அது ஒரு புல் மலை. நுனியில் ஒரு சின்ன வெளிச்சவீடு. தூர ஊர்களுக்கு வழி காட்டுகிற ஒரு கம்பம். ஜூடித் வாசித்துச் சொன்னாள்: லண்டன் இருக்கிறது, டோக்கியோ இருக்கிறது, எங்கள் ஊர் இல்லை. கீழே இரண்டு பக்கத்துக் கடலும் வந்து முட்டி, நடுக்கடலில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தன. பாறையில் ஒற்றை மரம் காற்றுக்கு வளைந்து நின்றது. வாசலும் இல்லை, வரிசையும் இல்லை. ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாட் டூ வி டூ, அங்கிள்?" என்று ஜூடித் கேட்டாள்.

வேத முறை எனக்குத் தெரியாது. மாவோரி முறையும் தெரியாது. தொப்பியைக் கழற்றினேன். "அருளப்புத் தம்பி" என்று கூப்பிட்டேன். நான் கண்டறியாத மனுசன். "உம்மட மனுசி உமக்குப் போயிட்டு வாங்கோ எண்டு சொல்ல இஞ்சை வர இருந்தவ. நான்தான் மறிச்சுப் போட்டன். இப்ப அவவும் உம்மட பக்கம்தான் வாறா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஜூடித் தமிழில், தாய் சொல்லிக் கொடுத்த மாதிரித் திருத்தமாக, "போயிட்டு வாங்கோ அப்பா, போயிட்டு வாங்கோ அம்மா" என்றாள். காற்று அந்தச் சத்தத்தை எங்கள் பக்கமே திருப்பி அடித்தது.

உங்களில் சிலர், போய் வந்துவிட்டீர்கள்தானே, இனி மனம் ஆறும் என்கிறீர்கள். நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் நாங்கள் போனது என்னுடைய பயணம். பிலோமினா தன் கண்ணால் அந்த நுரையைப் பார்த்து, தன் வாயால் சொல்ல வேண்டியது அது. அவர் எனக்குத் தந்தவை என்று மலையும் மரமும் கடலுமாக நிறைய இருக்கிறது. அதெல்லாம் நான் செத்த பிறகு என்னோடு போய்விடும். அவர் தராமல் நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அவருடைய முறை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.